சமதரைக் காட்டில் மவுண்டன் பைக்: நெதர்லாந்துத் தடங்களின் இயற்பியல்

1996ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக்கில்தான் மவுண்டன் பைக் பந்தயம் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. ஆண்கள் பிரிவின் முதல் தங்கத்தை வென்றவர் பார்ட் பிரென்ட்யென்ஸ், நெதர்லாந்துக்காரர். அதற்கு முந்தைய ஆண்டு உலகச் சாம்பியன் பட்டமும் அவருக்குத்தான். அவருடைய நாட்டின் ஐரோப்பிய நிலப்பரப்பில் மிக உயரமான இடமான ஃபால்சர்பெர்க் வெறும் 322 மீட்டர். அதுவும் தெற்கே ஒரு மூலையில், எல்லையோரமாக இருக்கிறது. நாட்டின் கால்வாசி நிலம் கடல்மட்டத்துக்கும் கீழே.

மலையே இல்லாத ஊரில் மவுண்டன் பைக் எதற்கு என்று கேட்கத் தோன்றும். தடம் எப்படி வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் கிடையாது என்பது என் எண்ணம். பெரிய மலையில் புவியீர்ப்பே பாதி வேலையைச் செய்துவிடும். மோசமாக வெட்டிய தடம்கூட அங்கே வேகமாக ஓடும். சமதரையில் அந்தச் சலுகை இல்லை. ஒவ்வொரு திருப்பத்தையும் ஒவ்வொரு சிறு மேட்டையும் கணக்குப் பார்த்து வைத்தால்தான் ஓட்டம் ஓட்டமாக இருக்கும்.

நெதர்லாந்தைத் தட்டை என்று சொன்னாலும் அது முழுத் தட்டை இல்லை. சுமார் 1,50,000 ஆண்டுகளுக்கு முன் ஒரு பனியுகத்தில், வடக்கிலிருந்து வந்த பனிப்பாளம் நாட்டின் வடபாதியை மூடியது. ரைன், மியூஸ் நதிகள் கொண்டுவந்து போட்டிருந்த மணலையும் கூழாங்கற்களையும் அந்தப் பனி தன் விளிம்பில் தள்ளிக் குவித்தது. உட்ரெக்ட் குன்றுத்தொடரும் வேலுவே பகுதியும் அப்படி உருவானவைதான். வேலுவேயின் உச்சி ஏறத்தாழ 110 மீட்டர். உட்ரெக்ட் தொடரின் உயரமான அமெரொங்கன் குன்று 69 மீட்டர். அடுத்த பனியுகத்தில் பனி இவ்வளவு தெற்கே வரவில்லை, ஆனால் காற்று வந்தது. அது மெல்லிய மணலை வாரிப் பரப்பியது. பிற்காலத்தில் ஆடு மேய்த்தும், வயலுக்கு உரமாகப் புல்தரையைப் பெயர்த்தெடுத்தும் மனிதர்கள் நிலத்தை மொட்டையாக்கியதால், மணல் மறுபடி பறக்கத் தொடங்கி மேடுகளாகக் குவிந்தது. பறக்கும் மணலைப் பிடித்து நிறுத்த 19, 20ஆம் நூற்றாண்டுகளில் பைன் மரங்களை வரிசை வரிசையாக நட்டார்கள். இன்று சைக்கிள் ஓடும் காடுகளில் பெரும்பகுதி அப்படி நட்டு வளர்த்தது.

ஆக, தடம் அமைப்பவருக்குக் கிடைப்பது இவ்வளவுதான்: தளர்வான மணல், அதன்மேல் பைன் ஊசி இலைகள், குறுக்கே ஓடும் வேர்கள், இடையிடையே 5, 10, 20 மீட்டர் மேடுகள். 20 மீட்டர் மேட்டை ஒரே முறை ஏறி இறங்கினால் இரண்டு நிமிடத்தில் கதை முடிந்துவிடும். தடத்தை வளைத்து வளைத்து அதே மேட்டின்மீது 15 முறை ஏற்றினால், ஓட்டுபவரின் கால்கள் 300 மீட்டர் ஏறியிருக்கும். கிட்டத்தட்ட ஃபால்சர்பெர்க் அளவு!

ஆனால் உயரத்தைச் சேர்ப்பதைவிட முக்கியமான கணக்கு வேறொன்று. ஓடும் சைக்கிளின் இயக்க ஆற்றலை உயரமாக மாற்றிப் பார்க்கலாம். மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் வருபவர் பெடலை மிதிக்காமல், உராய்வையும் மறந்துவிட்டால், சுமார் 1.6 மீட்டர் மேடு வரை ஏறலாம். 25 கி.மீ. வேகம் என்றால் 2.5 மீட்டர். அதாவது இந்த வேகங்களில் ஓர் ஆள் உயர மேடே பெரிய மலைதான். வேகம் முழுவதையும் அது விழுங்கிவிடும்.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் பிரேக்கின் விலை தெரியும். திருப்பத்துக்கு முன் 20 கி.மீ. வேகத்தை 12 ஆகக் குறைத்தால், ஆற்றலில் 64 சதவீதம் சூடாக மாறி பிரேக் தட்டில் போய்விடுகிறது. ஒரு மீட்டர் உயரத்தை இழந்ததற்குச் சமம் அது. ஆல்ப்ஸ் மலைச் சரிவில் இந்த ஒரு மீட்டரை யாரும் கவனிக்க மாட்டார்கள், அடுத்த நொடியே சரிவு அதைத் திருப்பிக் கொடுத்துவிடும். சமதரையில் அதைத் திருப்பிக் கொடுக்க ஓட்டுபவரின் தொடையைத் தவிர வேறு ஆளில்லை. கிலோமீட்டருக்கு 20 திருப்பம் இருக்கும் தடத்தில் ஒவ்வொன்றிலும் பிரேக் பிடிக்க வைத்தால், ஓட்டுபவர் பாதி வழியிலேயே சோர்ந்துபோவார். நல்ல தடமா இல்லையா என்பதை இந்த ஒன்றை வைத்தே நான் எடைபோடுவேன்: பிரேக்கைத் தொடாமல் எத்தனை திருப்பங்களைக் கடக்க முடிகிறது?

அதற்கான வழிதான் வெளிப்புறம் உயர்த்திக் கட்டிய திருப்பம். ஓட்டுபவர்கள் பெர்ம் என்பார்கள். 6 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 20 கி.மீ. வேகத்தில் போகும் சைக்கிள் சமநிலையில் இருக்க ஏறக்குறைய 28 டிகிரி உள்பக்கம் சாய வேண்டும். தரை தட்டையாக இருந்தால், டயரைப் பக்கவாட்டில் வழுக்காமல் பிடித்துவைக்கும் பொறுப்பு முழுவதும் உராய்வுக்கு. உலர்ந்த மணலும் ஊசி இலையும் கிடக்கும் தரையில் அந்த அளவு உராய்வை நம்ப முடியாது. தரையையே 28 டிகிரி சாய்த்துவிட்டால், அந்த வேகத்தில் பக்கவாட்டு உராய்வே தேவைப்படாது. டயர் நேராகத் தரையை அழுத்துகிறது. மண்ணும் சிதறாமல் இன்னும் இறுகுகிறது. ஆகவே பெர்ம் ஓட்டுபவரின் வேகத்தையும் காக்கிறது, தடத்தையும் காக்கிறது.

பெடலை மிதிக்காமலே வேகத்தைக் கூட்டும் இன்னொரு வித்தையும் இருக்கிறது. அடுத்தடுத்து வரும் சிறு மேடு பள்ளங்களில் தேர்ந்த ஓட்டுநர் பள்ளத்தின் அடியில் கையையும் காலையும் நீட்டித் தரையை அழுத்துவார். மேட்டின் தலையில் உடம்பை மடக்கிக்கொள்வார். நின்றபடி ஊஞ்சலை உந்துவதும் இதே இயற்பியல்தான். 5 மீட்டர் ஆரமுள்ள பள்ளத்தின் அடியில் 20 கி.மீ. வேகத்தில் போகும்போது, 70 கிலோ எடையுள்ளவருக்குத் தன் எடை கிட்டத்தட்ட 115 கிலோவாகத் தோன்றும். அதே ஆரமுள்ள மேட்டின் தலையில் 25 கிலோ போலத்தான் இருக்கும். கனமாக இருக்கும்போது எழுந்து, இலேசாக இருக்கும்போது மடங்கினால், செய்த வேலைக்கும் திரும்பப் பெற்ற வேலைக்கும் இடையிலுள்ள வித்தியாசம் முன்னோக்கிய வேகமாகச் சேர்கிறது. மேடு பள்ளங்கள் சரியான இடைவெளியில் இருந்தால்தான் இது பலிக்கும். நெருக்கமாக இருந்தால் உடம்பு அசையவே நேரம் இருக்காது. தள்ளி இருந்தால் கிடைத்த வேகம் மணலிலேயே கரைந்துவிடும்.

அப்புறம் கண்ணின் பங்கு. நாம் வேகத்தை உணர்வது பெரும்பாலும் பக்கத்துப் பொருள்கள் பார்வையில் எவ்வளவு விரைவாக நகர்கின்றன என்பதை வைத்துத்தான். 20 கி.மீ. வேகத்தில் 5 மீட்டர் தள்ளி நிற்கும் மரம், நேர் பக்கமாக வரும் கணத்தில், நொடிக்குச் சுமார் 64 டிகிரி வீதத்தில் நகரும். ஒரு மீட்டர் தூரத்தில் நிற்கும் மரத்துக்கு அது 320 டிகிரி. வேகமானி ஒரே எண்ணைத்தான் காட்டும், உடம்போ பறப்பதாக நம்பும். பைன் மரங்களுக்கு இடையே ஹேண்டில்பார் நுழையும் அகலத்துக்குத் தடத்தை விடுவதற்கு இதுவும் ஒரு காரணம். குறைந்த வேகத்திலேயே முழுச் சுவையும் கிடைப்பதால், விழுந்தாலும் அடி கொஞ்சம் குறைவு.

இனி மணல். உலர்ந்த மணல் துகள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதில்லை. சக்கரம் புதைந்து, தனக்கு முன்னால் தானே ஒரு சின்ன மேட்டை உருவாக்கி அதன்மேல் ஏறிக்கொண்டே இருக்கும். கொஞ்சம் ஈரம் பட்டால் துகள்களுக்கு இடையே நீர் மெல்லிய பாலங்கள் போட்டு, பரப்பு இழுவிசையால் அவற்றை இழுத்துப் பிடிக்கிறது. அதனால்தான் கோடை வறட்சியில் தவிக்கவைக்கும் வேலுவே தடம் இலையுதிர்கால மழைக்குப் பிறகு சிமென்டு போல ஓடுகிறது. மேட்டு நிலங்களில் எங்கு பார்த்தாலும் மண் குழைந்து கிடக்கும் மழைக்காலத்தில், நெதர்லாந்தின் மணல் காடுகள் நன்றாகவே இருக்கும். மணல் ரொம்பத் தளர்ந்துபோகும் இடங்களில் களிச்சத்துள்ள மண்ணைக் கொண்டுவந்து கலந்து இறுக்குவதும் உண்டு.

டயரில் காற்றைக் குறைப்பதன் காரணமும் இதுவே. ஒரு சக்கரத்தின் மேல் 45 கிலோ எடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். 3 பார் அழுத்தத்தில் டயர் தரையைத் தொடும் பரப்பு சுமார் 15 சதுர சென்டிமீட்டர், 1.5 பார் என்றால் அது இரட்டிப்பாகி 30. எடை பரவுவதால் சக்கரம் குறைவாகப் புதையும், வேர்களின் மேலும் வளைந்து கொடுக்கும். நனைந்த வேர் மட்டும் எந்த டயருக்கும் எதிரிதான், அதை நேர்குறுக்காகக் கடப்பதைத் தவிர வழியில்லை.

மணல் தடத்தில் கொஞ்ச நாளில் தானாகவே அலையலையான மேடுகள் தோன்றும். யாரும் வெட்டி வைத்ததல்ல. சக்கரம் ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டும்போது, மிகச் சிறிய மேட்டில் பட்டுத் துள்ளி, விழும் இடத்தில் மணலைத் தள்ளுகிறது. அடுத்த சக்கரம் அதே இடத்தில் துள்ளுகிறது. திருப்பங்களுக்கு முன்னால் இது இன்னும் மோசம், ஏனென்றால் எல்லோரும் அங்கேதான் பிரேக் பிடிக்கிறார்கள். மண்வெட்டியால் நிரவினாலும் சில வாரங்களில் திரும்ப வந்துவிடும். பிரேக் பிடிக்கத் தேவையே இல்லாதபடி திருப்பத்தை மாற்றுவதுதான் நிலையான மருந்து.

இவ்வளவு தடத்துக்கும் இடம் எங்கே? நெதர்லாந்தில் காடு குறைவு, காட்டுக்கு வரும் ஆட்கள் அதிகம். பக்கத்துப் பக்கத்து வரிகளுக்கு இடையே 25 மீட்டர் விட்டுத் தடத்தை மடக்கினால், அரை கிலோமீட்டர் சதுரத்துக்குள், அதாவது 25 ஹெக்டேரில், 10 கி.மீ. தடத்தை அடக்கிவிடலாம். மரங்கள் பார்வையை மறைப்பதால் அடுத்த வரியில் யாரோ போவதே தெரியாது. எதிரே ஆள் வந்தால் இந்த நெருக்கம் ஆபத்து என்பதால் தடங்கள் பெரும்பாலும் ஒருவழி. நடப்பவர்களுக்கான பாதைகளிலிருந்து முடிந்தவரை பிரித்தே வைக்கிறார்கள். காடுகளின் உரிமை அரசு வனத்துறை, இயற்கைப் பாதுகாப்புச் சங்கங்கள், தனியார் பண்ணைகள் என்று துண்டு துண்டாகப் பிரிந்திருப்பதால், ஒரே சுற்றுத் தடத்துக்குப் பலரிடம் அனுமதி வாங்க வேண்டியிருக்கும். பெரும்பாலான காடுகளில் சூரிய உதயத்திலிருந்து அஸ்தமனம் வரைதான் அனுமதி. இரவு, மான்களுக்கும் பன்றிகளுக்கும் வளைக்கரடிகளுக்கும் உரியது. ஒரு குறுகிய வரிக்குள் சக்கரங்களை அடக்கி வைப்பதால் சுற்றியுள்ள காடு மிதிபடாமல் தப்புகிறது. கண்ட இடத்தில் புகுந்து புதுத் தடம் வெட்டுபவர்கள்மேல் எனக்கு வரும் கோபத்துக்குக் காரணமும் அதுதான்.

மழையைத் தாங்கும் இந்தத் தடங்கள் தாங்காத ஒரு நிலை உண்டு: உறைபனி இளகும் நாள்கள். கடுங்குளிரில் மண்ணுக்குள் இருக்கும் நீர் உறைந்து பனிக்கட்டி அடுக்குகளாகி மண்ணை மேலே தூக்கிவிடும். குளிர் விட்டதும் உருகுவது மேலிருந்துதான். கீழே இன்னும் உறைந்த அடுக்கு இருப்பதால் உருகிய நீருக்கு இறங்க வழியில்லை. மேல் சில சென்டிமீட்டர் கூழாகிவிடுகிறது. அப்போது ஓடும் டயர்கள், மாதக்கணக்கில் இறுகிய பரப்பை ஒரே நாளில் கிழித்துவிடும். அதனால் அந்த நாள்களில் தடத்தை மூடிவிடுவார்கள், அல்லது வராதீர்கள் என்று கேட்டுக்கொள்வார்கள். அடியிலிருக்கும் பனியும் உருகி நீர் வடிந்த பிறகு மணல் மறுபடி இறுகும், தடமும் திறக்கும்.