குட்டிகளைத் தூக்குமுன் தாயைத் தேடுங்கள்

காலையில் எங்கள் காப்பகத்தின் படலையைத் திறக்கும்போது நான் முதலில் பார்ப்பது நிலத்தைத்தான். பல நாட்களில் அங்கே ஒரு மட்டைப்பெட்டி இருக்கும். சில நேரம் வாய் கட்டிய உரப்பை. உள்ளே கண் திறக்காத நான்கைந்து பூனைக்குட்டிகள். மாரியென்றால் பெட்டி ஊறிப்போயிருக்கும், குட்டிகளுக்கு அழவும் தெம்பிருக்காது.

வைத்துவிட்டுப் போகிறவர்கள் இரக்கமற்றவர்கள் என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை. “தாய் விட்டுவிட்டுப் போய்விட்டது டொக்டர், பார்க்கப் பாவமாக இருந்தது” என்பார்கள். விசாரித்தால், பல தடவை தாய் இரை தேடித்தான் போயிருக்கும். அல்லது குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்வி இடம் மாற்றிக்கொண்டிருந்திருக்கும். விறகுக் கொட்டிலிலோ கூரை இடுக்கிலோ குட்டிகளைக் கண்டால் சில மணி நேரம் எட்ட நின்று பாருங்கள். வயிறு நிரம்பி, உடல் சூடாக, ஒன்றின்மேல் ஒன்று உறங்கும் குட்டிகளுக்குத் தாய் பக்கத்தில்தான் இருக்கிறது. நீங்கள் அருகில் நிற்கும்வரை அது வராது. குட்டிகளைச் சுற்றிக் கொஞ்சம் மாவைத் தூவிவிட்டுப் போனால், திரும்பி வரும்போது கால்தடம் சொல்லிவிடும்.

தாய் உண்மையிலேயே இல்லையென்றால் முதலில் தேவைப்படுவது சூடு. பால் அதற்குப் பிறகுதான். முதல் மூன்று வாரங்களில் குட்டியால் தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. குளிர்ந்து கிடக்கும் குட்டிக்குப் பால் பருக்கினால் குடல் அதை ஏற்காது, மூச்சுக்குழாய்க்குள்ளும் இறங்கிவிடலாம். சுடுநீர்ப் போத்தலைத் துவாயால் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். உடல் சூடேறிய பின், பூனைக்குட்டிக்கென விற்கும் பால்மாவைக் கரைத்து, குட்டியைக் குப்புற வைத்துக் கொடுங்கள். கைக்குழந்தையைப் போல மல்லாத்திப் பருக்குவதால் நுரையீரலில் பால் தேங்கிய குட்டிகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன். பசுப்பால் வயிற்றோட்டத்தைக் கொண்டுவரும். பால் கொடுத்தபின் ஈரப்பஞ்சால் பின்புறத்தை மெல்லத் தடவ வேண்டும். தாய் நக்கிவிடாமல் இந்த வயதில் சிறுநீர் போகாது. இத்தனையும் இரண்டு மூன்று மணிக்கு ஒரு தரம், நடுச்சாமத்திலும்.

காப்பகத்துக்குள் வந்துவிட்டால் பிழைத்துவிடும் என்ற நம்பிக்கைதான் எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. பல இடத்துப் பூனைகள் சேரும் இடத்தில் பான்லூக்கோபீனியா என்னும் வைரஸ் நோய் எப்போதும் வாசலில் நிற்கிறது. காலையில் விளையாடிய குட்டி மாலையில் வாந்தியெடுத்து, தண்ணீர்க் கிண்ணத்தின்மேல் தலையைத் தொங்கவிட்டுக் கிடக்கும், மறுநாள் இருக்காது. இதைப் பார்த்துவிட்டு, நஞ்சு வைத்துவிட்டார்கள் என்று பக்கத்து வளவோடு பேச்சை முறித்துக்கொண்ட குடும்பங்களையும் அறிவேன். இந்த வைரஸ் தரையிலும் துணியிலும் ஓராண்டு வரைகூட உயிர்ப்போடு இருக்கக்கூடியது. பினோல் வகைக் கிருமிநாசினிகளை நம்பி இதை ஒழிக்க முடியாது. அவை பூனைக்கே நஞ்சு. துணி வெளுக்கும் குளோரின் திரவம் ஒரு பங்குக்குத் தண்ணீர் 32 பங்கு கலந்து, கழுவிய தரையில் பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். வீட்டுக் குட்டிக்கு ஆறு முதல் எட்டு வார வயதில் தடுப்பூசியைத் தொடங்கி, மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை, பதினாறு வாரம் வரை போடுங்கள்.

பெட்டிகள் நிற்க வேண்டுமென்றால் தாய்க்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சை நடக்க வேண்டும். குளிர்நாட்டுப் பூனைகள் பகல் குறுகும் மாதங்களில் இணைவதில்லை. யாழ்ப்பாணத்தில் பகலின் நீளம் ஆண்டு முழுவதும் பெரிதாக மாறாததால், இங்கே அந்த ஓய்வு கிடையாது. பெண்பூனை நான்கு மாத வயதிலேயே சினைப்படலாம். ஏறக்குறைய 65 நாளில் ஈனும். பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த சினை தங்கிவிடும்.

“ஒரு தரமாவது குட்டி போடட்டும்” என்று கேட்பவர்களின் மனம் எனக்கு விளங்குகிறது. ஆனால் முதல் வேட்கைக்கு முன்பே சத்திரசிகிச்சை செய்த பூனைக்கு முலைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மிகவும் குறைவு; பூனைகளின் முலைக்கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய்க் கட்டிகள். செலவு குறைவென்று கருத்தடை ஊசியைத் திரும்பத் திரும்பப் போட்டு, கருப்பையில் சீழ் கட்டிய நிலையில் கொண்டுவரப்படும் பூனைகளும் உண்டு. அந்த ஊசிக்கு நான் உடன்படுவதில்லை.

மூன்று முறை பெட்டியோடு வந்த ஓர் அம்மா, நான்காம் முறை தாய்ப்பூனையைக் கடகத்தில் வைத்து, இன்னொரு கடகத்தால் மூடி, கயிறு கட்டிக் கொண்டுவந்தார். சொன்னபடி முதல்நாள் இரவே சாப்பாட்டை நிறுத்தியிருந்தார். மதியத்துக்குள் சத்திரசிகிச்சை முடிந்தது. மயக்கம் தெளியும்வரை கூட்டின் அருகிலேயே இருந்தவர், “இதன் குட்டிகள் எங்கே?” என்று கேட்டார். பதின்மூன்றில் மிஞ்சியது ஒன்றுதான். மருந்து அலமாரியின் மேல் உறங்கிக்கொண்டிருந்த கறுப்புக் கடுவனைக் காட்டினேன். நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மாலையில் தாயோடு வீட்டுக்குப் போனார்.