பக்கத்து வைத்தியசாலையைத் தாண்டி ஓடுகிறவர்களுக்கு

சென்ற வாரம் பாரிசவாதத்தோடு எங்கள் வைத்தியசாலை விடுதிக்கு வந்த ஓர் ஐயாவின் கிளினிக் கொப்பியில் கடைசிப் பதிவு ஏழு மாதங்களுக்கு முந்தையது. விடியற்காலையில் பஸ் ஏறிப் பெரியாஸ்பத்திரி வரிசையில் அரை நாளைக் கழிக்க இயலாமல் பிரஷர் குளிசையையே விட்டுவிட்டார் என்றார் மகள். வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் பிரதேச வைத்தியசாலை இருக்கிறதே என்றேன். "அங்கை நல்ல மருந்து இல்லை டொக்டர்" என்று பதில் வந்தது.

இதை எத்தனையாவது தடவையாகக் கேட்கிறேன் என்ற கணக்கை நான் விட்டுவிட்டேன். இலங்கையின் அரச வைத்தியசாலைகளுக்கான மருந்துகளைப் பெரும்பாலும் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனமே கொள்வனவு செய்கிறது. மருத்துவ வழங்கல் பிரிவின் களஞ்சியத்திலிருந்தே அவை போதனா வைத்தியசாலைக்கும் உங்கள் ஊர் வைத்தியசாலைக்கும் பிரிகின்றன. பெரிய கட்டடத்தில் கொடுப்பதால் ஒரு குளிசைக்கு வீரியம் கூடிவிடாது. 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது பெரிய வைத்தியசாலைகளும் தப்பவில்லை. சிறிய இடங்களில் சில மருந்துகள் இடைக்கிடை முடிந்துபோவது உண்மைதான்; ஆனால் அது கையிருப்புச் சிக்கலே தவிர, தரக்குறைவு அல்ல.

1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதார அலகு முறை தாய், சேய் நலத்தையும் தொற்றுநோய்த் தடுப்பையும் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது. 2016இல் மலேரியா அற்ற நாடு என்ற சான்றையும் பெற்றோம். இன்று விடுதிகளை நிரப்புவது நீரிழிவும் இதயநோயும். அவற்றுக்கு வேண்டியது ஒரு நாள் வைத்தியமன்று, ஆயுள் முழுவதும் தொடரும் கண்காணிப்பு. அதற்காகவே இரத்த அழுத்தம், சீனி போன்றவற்றைப் பரிசோதிக்கும் ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையங்கள் 2011 முதல் திறக்கப்பட்டன. சிறு வைத்தியசாலைகளை விசேட வைத்திய நிபுணர்கள் உள்ள அருகிலுள்ள ஆதார வைத்தியசாலையோடு ஒரே தொகுதியாக இணைக்கும் கொள்கையும் 2018இல் வந்தது. அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்துக்குப் பின் சிறியவை மாகாணத்திடமும் போதனா வைத்தியசாலைகள் மத்திய அமைச்சிடமும் இருப்பதால் இந்த இணைப்பு இலகுவில் நடப்பதில்லை. ஒரு வைத்தியரின் பரிந்துரைக் கடிதமே இல்லாமல் எவரும் எங்கும் போகலாம் என்ற நமது சுதந்திரமும் அதைத் தாமதமாக்குகிறது. (எங்களில் சிலரும் கட்டுப்பாட்டில் இருக்கும் நோயாளரை ஊர் வைத்தியசாலைக்குத் திருப்பி அனுப்ப மறந்துவிடுகிறோம்.)

ஆகவே 35 வயதைத் தாண்டியவர்கள் ஒரு தடவையாவது அருகிலுள்ள நிலையத்தில் இரத்த அழுத்தத்தையும் சீனியையும் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கே போனாலும் கிளினிக் கொப்பியைக் கொண்டுபோங்கள். வெறுங்கையோடு வந்து "வெள்ளைக் குளிசை" என்று சொல்லாதீர்கள், எல்லாமே வெள்ளைதான். முகம் கோணினால், கை சோர்ந்தால், பேச்சுக் குழறினால் அது பாரிசவாதமாக இருக்கலாம்; ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸை அழையுங்கள். மாதாந்தக் குளிசைக்கு, தயவுசெய்து, பக்கத்து வைத்தியசாலைக்கே நடந்து போங்கள்.