உதிரும் பேப்பரும் உபயகாரரும்

அம்மம்மாவின் றங்குப்பெட்டியின் அடியில் 1950களின் பத்திரிகை ஒன்று மடித்துக் கிடந்தது. விரித்தேன். மடிப்பிலேயே நாலாகப் பிரிந்து, மடியில் தவிடு மாதிரிக் கொட்டியது. அதற்குக் கீழே இருந்த காணி உறுதி அதைவிட எவ்வளவோ மூத்தது. குண்டூசிக் கறள் பட்ட இடத்தைத் தவிர அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

வயதில் இல்லை விஷயம், கடதாசியின் பிறப்பில் இருக்கிறது. பழைய கடதாசி கந்தல் துணியிலிருந்து வந்தது. அதில் செல்லுலோஸ் (செடிகொடிகளின் நார்ப்பொருள்) இழைகள் நீளமானவை. பத்திரிகைத் தாளோ மரத்தை அப்படியே அரைத்துச் செய்வது. அதில் தங்கிவிடும் லிக்னின் என்ற மரப்பொருள் வெளிச்சமும் காற்றும் பட்டு மஞ்சளாகிறது. கூடவே அமிலம் ஊறுகிறது. அந்த அமிலம் செல்லுலோஸ் சங்கிலிகளைத் துண்டு துண்டாக வெட்ட, வெட்டும்போது இன்னும் அமிலம் பிறக்கிறது. யாழ்ப்பாணத்து வெக்கையும் கடற்காற்றின் ஈரமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். பக்கத்துத் தாளுக்கும் அமிலம் பரவும். பழைய புத்தகத்துக்குள் பத்திரிகைத் துண்டு வைத்திருந்தால் எடுத்துப் பாருங்கள், அதே அளவில் ஒரு பழுப்புக் கட்டம் தெரியும்.

பனையோலைக்கு இந்த அமிலப் பிரச்சினை பெரிதாக இல்லை. அதற்கு எதிரி வறட்சியும் பூச்சியும். சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சேற்றியவர். ஏட்டை எடுத்தால் ஓரம் உதிர்வதையும், பாணப்பூச்சி எழுத்துக்களை உழுது வைத்திருப்பதையும் அவர் எழுதியிருக்கிறார். எண்ணெய் பூசுவது, மை தடவுவது எல்லாம் தவணை வாங்கத்தான். ஓலை நைந்துபோக முன்னர் இன்னொரு ஓலையில் எழுதி வைத்ததால்தான் நூல் பிழைத்தது. எழுதுகிறவருக்கு யாரோ ஒருவர் படியளந்திருப்பார்.

இன்று எழுத்தாணிக்குப் பதில் கமரா. ஆனால் பிரதி ஒன்றே ஒன்றாக இருந்தால் என்ன நடக்கும் என்று இந்த ஊருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் போயின. ஓலைச்சுவடிகளும் போயின.

2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகம் பெரும்பாலும் ஊரவரும் புலம்பெயர்ந்தோரும் கொடுக்கும் காசில் நடக்கிறது. பிரித்தானிய நூலகத்தின் அருகிவரும் ஆவணங்கள் திட்டமும் 2004இல் ஆர்க்கேடியா என்ற தனியார் அறக்கொடையின் பணத்தில்தான் ஆரம்பித்தது. கொடுக்க ஆள் இருக்கிறது. எதற்குக் கொடுக்கிறார்கள் என்பதில்தான் எனக்கு ஒரு குறை.

படம் எடுத்ததோடு வேலை முடிவதில்லை. ஏ4 அளவுப் பக்கம் ஒன்றை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் நிறத்தில் எடுத்தால், சுருக்காத கோப்பு 26 மெகாபைட் வரும். 300 பக்கப் புத்தகம் கிட்டத்தட்ட 8 ஜிகாபைட். ஹார்ட் டிஸ்க் சில வருடங்களில் மக்கர் பண்ணும். அதனால் குறைந்தது மூன்று பிரதி, அதில் ஒன்றாவது வேறு ஊரில். அப்புறம், கோப்பு தானாகக் கெட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கோப்புக்கும் கணக்கிட்டு ஒரு சரிபார்ப்பு எண் எழுதி வைப்பார்கள். கோப்பில் ஒரேயொரு பிட் மாறினாலும் அந்த எண் அடையாளமே தெரியாமல் மாறிவிடும். கெட்டதை எறிந்துவிட்டு நல்ல பிரதியிலிருந்து மீண்டும் எடுக்கலாம். இது வருடா வருடம், முடிவில்லாத வேலை.

கோயிலில் தேர்த் திருவிழாவுக்கு உபயகாரர் வரிசையில் நிற்பார்கள். நித்திய பூசை எண்ணெய்க்கு ஐயர்தான் அலைய வேண்டும். இங்கேயும் அதே கதை. ஸ்கேன் செய்யக் காசு வரும், புது டிஸ்க் வாங்க வராது.

சரி, அம்மம்மாவின் பேப்பர். நாலு துண்டையும் கண்ணாடிக்குக் கீழே ஒட்டாமல், தொட்டுத் தொட்டுப் பொருத்திப் படம் எடுத்தாயிற்று. மூலையில் ஒரு மரண அறிவித்தல். ஊர் தெரிகிறது, திகதி தெரிகிறது. பெயரில் பாதி மடிப்போடு போய்விட்டது.