ஆக்சிமீட்டர் யாருடைய விரலுக்காகச் செய்யப்பட்டது?

இங்கிலாந்தின் வடபகுதியில் ஓர் அரசு மருத்துவமனையில் நுரையீரல் மருத்துவராகப் பணிபுரிகிறேன். 2021 ஜனவரியில், கொரோனா உச்சத்தில் இருந்த ஓர் இரவில், ஜமைக்காவில் பிறந்து சிறுவயதில் இந்நாட்டுக்கு வந்து, முப்பது ஆண்டுகளுக்கு மேல் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற ஒருவரை எங்கள் வார்டில் சேர்த்தார்கள். துணைக்கு எவரையும் உள்ளே விடாத காலம் அது. அவருடைய மகள் தொலைபேசியில், "அப்பா நான்கு சொல் பேசுவதற்குள் நின்று மூச்சு வாங்குகிறார் டாக்டர், அவர் இப்படி இருந்து நான் பார்த்ததே இல்லை" என்றார். கட்டிலருகே சென்று பார்த்தேன். இரத்தத்தில் ஆக்சிஜன் செறிவு எத்தனை விழுக்காடு என்று ஊசியின்றி அளக்க விரலில் மாட்டியிருந்த பல்ஸ் ஆக்சிமீட்டர் 94 என்று காட்டியது. நோயாளி எவ்வளவு ஆபத்தில் இருக்கிறார் என்பதை மதிப்பெண்களாகக் கூட்டிச் சொல்லும் எங்கள் அட்டவணையில் 94க்கு ஒரு மதிப்பெண்தான். 91க்கு வந்தால் மூன்று. மகளிடம் ஆக்சிஜன் பரவாயில்லை என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன்.

ஒன்றரை மணி நேரம் கழித்து, பொறுப்புச் செவிலியர் வந்து, அவருடைய முகம் தமக்குச் சரியாகப் படவில்லை என்றும், தமனி இரத்தத்தை எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும் என்றும் வற்புறுத்தினார். மணிக்கட்டிலிருந்து எடுத்த இரத்தத்தில் ஆக்சிஜன் செறிவு 86. அந்த நிமிடத்திலும் விரலில் இருந்த கருவி 93 என்றுதான் காட்டிக்கொண்டிருந்தது. ஒன்பது நாள் உயர்வேக ஆக்சிஜனில் இருந்து அவர் பிழைத்தார். மகள் சொன்னது சரி. நான் நம்பிய எண் தவறு. கறுப்பினத்தவரிடம் இந்தக் கருவி பிழையாகக் காட்டுகிறது என்ற ஆய்வை ஒரு மாதம் முன்புதான் படித்திருந்தேன் என்பது அதைவிட வருத்தமானது.

ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அயோயாகி 1974இல் வெளியிட்ட கொள்கையில் இந்தக் கருவி இயங்குகிறது. சிவப்பொளியையும் அகச்சிவப்பொளியையும் விரலின் ஊடே செலுத்தி, ஒவ்வொரு துடிப்பிலும் இரத்தம் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று பார்க்கிறது. ஆனால் அந்த அளவை நேரடியாக ஆக்சிஜனாக மாற்றிச் சொல்ல அதற்குத் தெரியாது. நலமாக இருக்கும் தன்னார்வலர்களைக் குறைந்த ஆக்சிஜனைச் சுவாசிக்கச் செய்து, அவர்களுடைய தமனி இரத்தத்தோடு ஒப்பிட்டு முன்கூட்டியே தயாரித்த அட்டவணையைப் பார்த்துத்தான் அது விடை சொல்கிறது. அந்தத் தன்னார்வலர்களில் பெரும்பாலோர் வெளிர்நிறத் தோலினர். தோலுக்கு நிறம் தரும் மெலனினும் ஒளியை உறிஞ்சும் என்பதால், அடர்நிற விரலைப் பொறுத்தவரை அந்த விடை உண்மையைவிட உயர்ந்து நிற்கிறது. அதிலும் ஆக்சிஜன் குறையக் குறைய, அதாவது எங்களுக்கு அந்த எண் மிகவும் தேவைப்படும் நேரத்தில், பிழை கூடுகிறது.

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2020 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டியபோது இரத்தத்தில் உண்மையான செறிவு 88க்கும் கீழே இருந்த நிலை, வெள்ளையரிடம் 3.6 விழுக்காடும் கறுப்பினத்தவரிடம் 11.7 விழுக்காடும் காணப்பட்டது. ஏறத்தாழ மூன்று மடங்கு. இது புதிய கண்டுபிடிப்பும் அன்று. செயற்கைச் சுவாசத்தில் இருந்த கறுப்பின நோயாளிகளிடம் இந்த அளவீட்டை அப்படியே நம்ப முடியாது என்று 1990லேயே ஓர் ஆய்வு சொன்னது. 2005இல் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வந்த இன்னொன்று, குறைந்த செறிவில் அடர்நிறத் தோலில் பிழை கூடுகிறது என்பதை உறுதிசெய்தது. இவ்வளவுக்குப் பிறகும், 2013இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் தந்த வழிகாட்டுதலின்படி, ஒரு கருவியைப் பத்துப் பேரிடம் சோதித்தால் அவர்களில் இரண்டு பேர் அடர்நிறத் தோலினராக இருந்தால் போதும். முப்பது ஆண்டுகள் அச்சில் கிடந்த ஒரு குறையை எவரும் அவசரமாகக் கருதவில்லை. குறை வெள்ளை விரல்களில் தெரிந்திருந்தால் அந்தக் கருவி விற்பனைக்கே வந்திருக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வெள்ளையர் சலுகை என்று சொல்லப்படுவதை நான் புரிந்துகொள்வது இப்படித்தான். சலுகை என்ற சொல் தமிழில் நம்மைச் சற்றுத் திசைதிருப்பிவிடுகிறது. மாணவர்களுக்கான பேருந்துக் கட்டணச் சலுகை என்றால் விண்ணப்பம் உண்டு, கையெழுத்து உண்டு, பெறுபவருக்குத் தாம் பெறுகிறோம் என்பது தெரியும். நான் பேசுவது அப்படிப்பட்டதன்று. இதை எவரும் கேட்கவில்லை, எவரும் கொடுக்கவில்லை, பெற்றவருக்கே தெரியாது. தம் விரலில் மாட்டிய கருவி உண்மையைச் சொல்கிறதா என்ற கேள்வியே எழாமல் ஒருவர் வாழ்ந்துவிட முடிகிறது என்பதுதான் அது.

இப்படிச் சொன்னதும் என் வெள்ளையின நண்பர்கள் சிலர் வருந்துகிறார்கள். தாங்கள் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர்கள், எதையும் இலவசமாகப் பெறாதவர்கள் என்கிறார்கள். அந்த வருத்தம் நியாயமானது. என் புறநோயாளிப் பிரிவுக்கு முன்னாள் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் ஒருவர் வருகிறார். வெள்ளையர். நுரையீரல் முழுவதும் நிலக்கரித் தூசு. சுரங்கம் மூடப்பட்ட பிறகு நிலையான வேலை கிடைக்கவில்லை. குளிர்காலத்தில் வீட்டில் ஒரே ஓர் அறையைத்தான் சூடாக்கிக்கொள்கிறார். அவருடைய வாழ்க்கை வசதியானது என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. ஆனாலும் அவர் விரலில் 88 என்று கருவி காட்டினால் அநேகமாக உண்மையும் 88ஐ ஒட்டித்தான் இருக்கும். அவருக்கு ஆக்சிஜன் உடனே கிடைக்கும். வறுமை அவரை வாட்டியது, நிறம் வாட்டவில்லை. பேருந்து ஓட்டுநருக்கு இரண்டும் சேர்ந்துகொண்டன.

நுரையீரலின் கொள்ளளவை அளக்கும் ஸ்பைரோமீட்டரில், நோயாளி ஊதத் தொடங்கும் முன் வயது, உயரம், பாலினம் ஆகியவற்றோடு இனம் என்ற கட்டத்தையும் நிரப்ப வேண்டியிருந்தது. கறுப்பினத்தவர் என்று குறித்தால், இயல்பான அளவு என்று கருவி எடுத்துக்கொள்வதே 10 முதல் 15 விழுக்காடு வரை தாழ்ந்துவிடும். அதனால் பழுதுபட்ட நுரையீரலும் நலமானதாகத் தோன்றும். இந்த எண்ணத்தின் வேரைத் தேடிப் போனால், 1851இல் லூசியானாவில் இருந்த சாமுவேல் கார்ட்ரைட் என்ற மருத்துவர் வரை போகலாம். அடிமைகளின் நுரையீரல் குறைபாடுடையது, கட்டாய உழைப்பே அவர்களுக்கு நல்லது என்று எழுதியவர் அவர்; அடிமைகள் தப்பி ஓடுவதையே ஒரு நோய் என்று பெயரிட்டு எழுதியவரும் அவரே. வறுமை, புகை, பிறந்தபோது இருந்த குறைந்த எடை ஆகியவை நுரையீரலைச் சுருக்கலாம் என்பதை விட்டுவிட்டு, இனத்தையே இயற்கையாகக் கொண்ட அந்தக் கணக்கை அமெரிக்க நெஞ்சக மருத்துவச் சங்கம் 2023இல்தான் கைவிடச் சொன்னது. நான் அந்தக் கட்டத்தை எத்தனையோ ஆண்டுகள் கேள்வி கேட்காமல் நிரப்பியவன்.

சிறுநீரகத்திலும் இதே கதைதான். அமெரிக்காவில் 2009 முதல் பயன்பட்ட சமன்பாடு, கறுப்பினத்தவர் என்றால் சிறுநீரகச் செயல்திறனை ஏறத்தாழ 16 விழுக்காடு கூட்டிக் காட்டியது. உண்மையில் 19 இருப்பவருக்கு 22 என்று வரும். டயாலிசிஸ் தொடங்காதவருக்கு மாற்றுச் சிறுநீரகத்துக்கான காத்திருப்பு நாட்கள், இந்த எண் 20 அல்லது அதற்குக் கீழே வந்த பிறகே எண்ணப்படும் என்பதால், அவர் வரிசையில் நிற்கவே தொடங்கவில்லை. 2021இல் அந்தப் பெருக்கல் நீக்கப்பட்டது. 2023 முதல் பழைய கணக்கைத் திருத்தியபோது 14,000க்கும் மேற்பட்ட கறுப்பின நோயாளிகளுக்குக் காத்திருப்புக் காலம் கூட்டித் தரப்பட்டது. அதற்கு முன்பே இறந்துபோனவர்களுக்குத் திருத்தம் எதுவும் இல்லை.

எல்லாப் பிழையும் கருவியில் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பிரிட்டனில் 2019 முதல் 2021 வரையிலான கணக்கின்படி, மகப்பேற்றை ஒட்டி உயிரிழக்கும் ஆபத்து வெள்ளையினப் பெண்களைவிடக் கறுப்பினப் பெண்களுக்கு ஏறத்தாழ 4 மடங்கு, ஆசியப் பெண்களுக்கு ஏறத்தாழ 2 மடங்கு. காரணங்கள் பல; ஆனால் வலிக்கிறது என்று ஒரு பெண் சொல்லும்போது அதை எவ்வளவு விரைவில் நம்புகிறோம் என்பதும் அவற்றில் ஒன்று என்பதை வார்டில் நிற்கும் எவரும் மறுக்க முடியாது. அந்த இரவில் நான் கருவியை நம்பியது போலவே, மகளை நம்பாமலும் இருந்தேன்.

ஆசியப் பெண்கள் என்ற சொல்லில் நம் வீட்டுப் பெண்களும் அடங்குவர். இங்குள்ள தமிழர்களில் பலருடைய தோல், என்னுடையதைப் போலவே, ஆக்சிமீட்டரின் அந்த அட்டவணைக்குள் சரியாக அடங்காதது. மருத்துவக் கருவிகளில் உள்ள பாகுபாட்டை ஆராயப் பிரிட்டன் அரசு அமைத்த குழு, பேராசிரியர் மார்கரெட் வைட்ஹெட் தலைமையில் 2024 மார்ச்சில் அறிக்கை தந்தது; ஆக்சிமீட்டரின் குறையை அது தெளிவாக ஏற்றுக்கொண்டது. ஆனாலும் எங்கள் வார்டுகளில் இன்றும் இருப்பவை பெரும்பாலும் பழைய கருவிகளே.

எனவே வீட்டில் ஆக்சிமீட்டர் வைத்திருப்பவர்கள், உடல் நன்றாக இருக்கும் நாளில், கை சூடாக இருக்கும்போது, ஒரு முறை அளந்து அந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். 98 இருந்தவருக்கு 94 என்று வந்தால், 94 நல்ல எண்தானே என்று இருந்துவிடாமல், நான்கு புள்ளி இறங்கியிருக்கிறது என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். மூச்சு வாங்குவதையும், படி ஏற முடியாததையும், பேச்சு இடையில் நிற்பதையும் எண்ணுக்கு முன்பாகச் சொல்லுங்கள். கருவி சரியென்று காட்டியும் ஆள் சரியில்லை என்று உங்களுக்குத் தோன்றினால், தமனி இரத்தம் எடுத்துப் பார்த்தீர்களா என்று தயங்காமல் கேளுங்கள். அந்த மகள் அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் நான் அப்போதே எடுத்திருப்பேன்.