இரண்டு சீட்டுகளுக்கு நடுவே: லெனார்மண்ட் ஜோடிகளும் நம் பயங்களும்

ஆலோசனைக்கு வருகிறவர்களில் சிலர் பேச்சைத் தொடங்கும் முன்பே கைபேசியில் ஒரு படத்தைக் காட்டுவார்கள். குறி பார்ப்பதற்காக மேசைமேல் வரிசையாகப் பரப்பிய லெனார்மண்ட் சீட்டுகள். "நரிக்குப் பக்கத்தில் மோதிரம் விழுந்திருக்கிறது. அப்படியென்றால் அவர் என்னை ஏமாற்றுகிறார் என்றுதானே அர்த்தம்?" என்று கேட்பார்கள். "மரமும் சவப்பெட்டியும் சேர்ந்து வந்திருக்கிறது, அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடுமா?" என்று கேட்டவர்களும் உண்டு. படத்தை அனுப்பியவர் எங்கோ இருக்கும் ஒரு சீட்டு பார்ப்பவராக இருப்பார். இல்லையென்றால் இவர்களே ஒரு கட்டு வாங்கி, இணையத்தில் கிடைத்த பட்டியலை வைத்துப் பலன் படித்திருப்பார்கள்.

நான் உளவியல் ஆலோசகர், சீட்டு பார்ப்பதில்லை. ஆனால் ஒருவர் எதைக் கண்டு பயந்திருக்கிறார் என்று தெரியாமல் அவரோடு பேச முடியாது. அதனால் லெனார்மண்ட் சீட்டுகளை எப்படிச் சேர்த்துப் படிக்கிறார்கள் என்று உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். கற்ற பிறகு தெளிவானதைத்தான் இங்கே எழுதுகிறேன். சீட்டுகளில் இருப்பவை படங்கள். இரண்டு படங்களை ஒரு வாக்கியமாக்கும் சொல் எந்தச் சீட்டிலும் அச்சடிக்கப்படவில்லை. அதை யாரோ ஒருவர் சேர்க்கிறார். பயப்படுவதற்கு முன்னால், அந்தச் சொல் யாருடையது என்று பாருங்கள்.

முதலில் இந்தக் கட்டு எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். குறி பார்க்கப் பயன்படும் இன்னொரு கட்டான டாரட்டில் 78 சீட்டுகள். லெனார்மண்ட் கட்டில் 36 மட்டுமே. கப்பல், வீடு, நாய், சாவி, கடிதம் என்று பெரும்பாலும் அன்றாடம் காணும் ஒன்றின் படமும் ஓர் எண்ணும் இருக்கும். மேரி ஆன் லெனார்மண்ட் (1772–1843) பாரிசில் பெரும் புகழோடு இருந்த குறி சொல்பவர். ஆனால் இந்தக் கட்டை உருவாக்கியவர் அவர் இல்லை. அவர் இறந்த பிறகுதான் விற்பனைக்காக அவர் பெயர் இதன்மேல் ஏறியது. இதன் மூல வடிவம், ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரத்து யோஹான் காஸ்பர் ஹெக்டெல் 1799 வாக்கில் உருவாக்கிய ‘நம்பிக்கை விளையாட்டு’. சீட்டுகளை ஆறுக்கு ஆறு சதுரமாக அடுக்கி, பகடை உருட்டிக் காய் நகர்த்த வேண்டும். 3ஆம் எண் கப்பலில் காய் நின்றால் அது உங்களை 12ஆம் எண் பறவைகளிடம் கொண்டுபோய் விடும். 35ஆம் எண் நங்கூரத்தை அடைந்தவருக்கு வெற்றி. 8ஆம் எண் சவப்பெட்டியில் மாட்டினால், இன்னொருவர் அங்கே வரும்வரை அல்லது பகடையில் இரட்டை விழும்வரை காத்திருக்க வேண்டும். இதே சீட்டுகளை வைத்துப் பொழுதுபோக்காகக் குறி பார்க்கும் வழியும் அந்த விளையாட்டின் குறிப்பிலேயே இருந்தது.

சவப்பெட்டியைப் பார்த்து நடுங்கிப்போய் வருகிறவர்களிடம் இந்தக் கதையைச் சொல்வேன். அது ஒரு காலத்தில் விளையாட்டில் கொஞ்ச நேரம் உட்கார வைக்கும் கட்டம், அவ்வளவுதான் என்று தெரிந்ததும் பலருக்கு மூச்சு கொஞ்சம் சீராகிறது.

சரி, ஜோடி எப்படிப் படிக்கப்படுகிறது? லெனார்மண்டில் ஒற்றைச் சீட்டை அதிகம் பொருட்படுத்த மாட்டார்கள். முதல் சீட்டை விஷயமாகவும், அடுத்ததை அந்த விஷயத்தின் தன்மையாகவும் எடுத்துக்கொள்வது பரவலான வழக்கம். கடிதமும் இதயமும் வந்தால் காதல் கடிதம். கடிதமும் சவப்பெட்டியும் வந்தால் நின்றுபோன செய்தி, அல்லது ஒரு முடிவைச் சொல்லும் செய்தி. வீடு முன்னால், கப்பல் பின்னால் என்றால் வீடு மாறுதல். கப்பல் முன்னால் என்றால் வீடு திரும்பும் பயணம். வரிசை முக்கியம் என்பவர்கள் ஒரு சாரார். எப்படி விழுந்தாலும் ஒன்றுதான் என்பவர்கள் இன்னொரு சாரார். மேகச் சீட்டுக்கு இன்னும் ஒரு விதி இருக்கிறது. கருமேகம் இருக்கும் பக்கத்தில் விழுந்த சீட்டு சிக்கலில் இருக்கிறதாம், வெளிச்சமான பக்கத்தில் விழுந்தது தேறிவிடுமாம். எந்தப் பக்கம் கருப்பு என்பது கட்டுக்குக் கட்டு மாறும். ஓவியர் எப்படி வரைந்தாரோ அப்படி.

இதைவிட முக்கியமான வேறுபாடு வேலைச் சீட்டில் இருக்கிறது. உங்கள் வேலையைக் காட்டும் சீட்டு எது என்று கேட்டால் சிலர் நரி என்பார்கள், சிலர் நிலா, சிலர் நங்கூரம். நரியை வேலை என்று படிப்பவருக்கு, நரியும் மோதிரமும் சேர்ந்தால் வேலை ஒப்பந்தம். நரியைத் தந்திரம் என்று படிப்பவருக்கு அதே ஜோடி, உறவில் நடக்கும் ஏமாற்று. ஒரே மேசை, ஒரே இரண்டு சீட்டுகள். ஒருவர் கையில் பணி ஆணை கிடைக்கிறது, இன்னொருவர் குடும்பத்தில் சந்தேகம் நுழைகிறது. என்னிடம் இந்த ஜோடியைக் கொண்டுவந்தவர்களில் யாருக்கும், இதை வேலை என்று படிக்கும் மரபும் இருக்கிறது என்று சீட்டு பார்த்தவர் சொல்லியிருக்கவில்லை. எனக்குக் கோபம் வரும் இடம் இது. விதி ஒன்றுக்கு மேற்பட்டது இருக்கும்போது ஒன்றை மட்டும் தீர்ப்பு போலச் சொல்வது, கேட்கிறவரின் நம்பிக்கையைத் தவறாகப் பயன்படுத்துவதுதான்.

அடுத்து ஒரு சின்னக் கணக்கு. மேகம், பாம்பு, சவப்பெட்டி, அரிவாள், சாட்டை, நரி, மலை, எலிகள், சிலுவை ஆகிய ஒன்பதையும் பொதுவாகக் கடினமான சீட்டுகள் என்பார்கள். நன்றாகக் கலைத்த கட்டிலிருந்து மூன்று சீட்டு எடுத்தால், இவற்றில் ஒன்றாவது வருவதற்கான வாய்ப்பு சுமார் 59 விழுக்காடு. ஐந்து எடுத்தால் சுமார் 79 விழுக்காடு. நீங்கள் யாராக இருந்தாலும், என்ன கேள்வி கேட்டிருந்தாலும் இதுதான் கணக்கு. "எனக்கு எப்போது பார்த்தாலும் கெட்ட சீட்டாகவே வருகிறது" என்று சொல்கிறவர்களின் தலையெழுத்தில் எந்தக் கோளாறும் இல்லை. இந்தக் கட்டின் அமைப்பே அப்படி.

36 சீட்டுகளையும் பரப்பும் பெரிய விரிப்பில், எட்டு எட்டாக நான்கு வரிசையும் கீழே நடுவில் நான்கு சீட்டும் வைப்பார்கள். அதில் பக்கவாட்டிலும் மேல்கீழாகவும் ஒட்டி நிற்கும் ஜோடிகளை மட்டும் எண்ணினாலே 59 வரும். மூலைவிட்டத்தையும் சேர்த்தால் இன்னும் கூடும். 59 ஜோடிகளில் இரண்டோ மூன்றோ நம் வாழ்க்கையோடு அப்படியே பொருந்தும். அவை நினைவில் தங்கும், மற்றவை மறந்துபோகும்.

பொருந்துவது போலத் தோன்றுவதற்கும் நல்ல ஆதாரம் இருக்கிறது. 1948இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஆளுமைப் பரிசோதனை வைத்து, ஆளுக்கொரு முடிவு கொடுத்தார். அது தங்களுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று மாணவர்கள் போட்ட மதிப்பெண், ஐந்துக்குச் சராசரியாக 4.26. உண்மையில் எல்லோருக்கும் ஒரே வாசகத்தைத்தான் கொடுத்திருந்தார். அதையும் ஒரு சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்துத் தொகுத்திருந்தார். அந்த மாணவர்கள் ஏமாளிகள் என்று இதற்கு அர்த்தமில்லை. பொதுவாகச் சொல்லப்பட்ட ஒன்றைத் தன் அனுபவத்தோடு ஒட்டிப் பார்ப்பது எல்லோர் மனமும் செய்யும் வேலை. எலியும் மோதிரமும் என்றால் ‘உறவு கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கப்படுகிறது’ என்று சொல்வார்கள். எந்த உறவில் அந்த மாதிரி ஒரு வாரமாவது இருந்ததில்லை?

சீட்டு பார்ப்பதே குற்றம் என்று நான் நினைக்கவில்லை. மனதில் இருப்பதை வெளியே எடுத்துப் பேச அது சிலருக்கு ஒரு வாசலாகவும் இருக்கிறது. ஆலோசனையில் நான் செய்வது இதுதான். வருகிறவரைப் பயமுறுத்திய ஜோடியை ஒரு தாளில் எழுதச் சொல்வேன். அந்த இரண்டு படங்களையும் இணைத்து ஐந்து வெவ்வேறு வாக்கியங்கள் எழுத வேண்டும், அவற்றில் ஒன்றாவது நல்லதாக இருக்க வேண்டும். முதல் வாக்கியம் உடனே வந்துவிடும், அது பெரும்பாலும் மிகக் கொடூரமாக இருக்கும். மூன்றாவதில் பேனா நிற்கும். ஐந்தாவதை எழுதி முடிக்கும்போது, ஜோடி எதையும் தீர்மானிக்கவில்லை என்பது அவர்கள் கண்ணுக்கே தெரிந்துவிடும். அப்புறம் முதல் வாக்கியத்துக்குத் திரும்பிப் போவோம். ‘அவர் என்னை விட்டுப் போகப்போகிறார்’ என்று எழுதியிருந்தால், அந்தப் பயம் எப்போது தொடங்கியது, வீட்டில் எது மாறியது, அவரிடம் நேராக எதைக் கேட்கத் தயங்குகிறீர்கள் என்று பேசுவோம். சீட்டு வருவதற்கு முன்பே அந்த வாக்கியம் மனதில் இருந்திருக்கும்.

சில இடங்களில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். உடல்நலம் முதலாவது. மரத்தை உடலுக்கும் ஆரோக்கியத்துக்கும் உரிய சீட்டாகப் படிப்பது வழக்கம். மரமும் சவப்பெட்டியும் சேர்ந்ததால் பயந்து மருத்துவப் பரிசோதனைக்கே போகாமல் ஒளிகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மரமும் சூரியனும் வந்ததால் ‘சரியாகிவிடும்’ என்று வலியைத் தள்ளிப்போட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டாவது வகை இன்னும் ஆபத்தானது, ஏனென்றால் நல்ல பலனை யாரும் சந்தேகிப்பதில்லை. உடம்பில் தொந்தரவு இருந்தால் சீட்டு எப்படி விழுந்தாலும் மருத்துவரிடம் போக வேண்டும்.

ஒரே கேள்விக்குத் திரும்பத் திரும்பச் சீட்டு எடுப்பது இரண்டாவது. நல்ல ஜோடி வரும்வரை கலைப்பது, வந்தபின் உறுதிசெய்ய மறுபடி கலைப்பது, நடுராத்திரியில் எழுந்து இன்னொரு முறை கலைப்பது. இதைப் பதற்றத்தின் அறிகுறியாகத்தான் பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் கிடைக்கும் நிம்மதி கொஞ்ச நேரத்தில் கரைந்துவிடும், கை மறுபடி கட்டைத் தேடும். இப்படி இருப்பவர்களிடம் ஒரேயடியாக நிறுத்தச் சொல்வதில்லை. எடுக்கத் தோன்றும்போது பதினைந்து நிமிடம் தள்ளிப்போடச் சொல்வேன், பிறகு அந்த இடைவெளியை நீட்டச் சொல்வேன்.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பாம்பும் சிலுவையும் வந்ததால் உங்கள்மேல் சாபம் இருக்கிறது, அதை நீக்க இவ்வளவு ஆகும் என்று ஒருவர் சொன்னால் அங்கேயே பேச்சை நிறுத்திவிடுங்கள். இதை யாரிடமும் சொல்லாதே என்றும் சேர்த்துச் சொன்னால், நம்பிக்கையான ஒருவரிடம் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். அவர் அனுப்பிய செய்திகளை அழிக்காமல் வையுங்கள்.

சீட்டு பார்க்கப் போவதென்றால், எடுப்பதற்கு முன்பே பார்ப்பவரிடம் கேளுங்கள்: எந்தச் சீட்டை வேலைக்கு வைக்கிறீர்கள், வரிசையைக் கணக்கில் எடுக்கிறீர்களா, நோயையும் மரணத்தையும் பற்றிப் பலன் சொல்வீர்களா? பொறுப்புள்ளவர் முதல் இரண்டுக்கும் தயங்காமல் பதில் சொல்வார், மூன்றாவதற்கு மாட்டேன் என்பார். பார்த்து வந்த பிறகு ஒரு ஜோடியை நினைத்து இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டால், வேலை ஓடவில்லை என்றால், ஓர் ஆலோசகரைப் பாருங்கள். எதுவும் மாறப்போவதில்லை, இருந்து என்ன பயன் என்ற எண்ணம் தலைதூக்கினால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே பாருங்கள். படத்தையும் எடுத்துக்கொண்டு போகலாம். பேச்சை அங்கிருந்தே தொடங்கலாம்.