டீயோடு விழுங்கிய மாத்திரை

புரசைவாக்கத்தில் ஒரு துணிக்கடையில் விற்பனையாளராக இருக்கிறார் அந்தப் பெண். வயது 34. படியேறினால் மூச்சு வாங்குகிறது என்று வந்தார். ஹீமோகுளோபின் 7.8. கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு அது 12க்குக் கீழே போனாலே ரத்தசோகைதான்.

"மூன்று மாதமாக இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறேன் டாக்டர், ஏறவே மாட்டேன் என்கிறது." காலி அட்டைகளைப் பையிலிருந்து எடுத்து மேசையில் பரப்பினார்.

"எதோடு விழுங்குகிறீர்கள்?"

"காலை டீயோடுதான்."

டீயில் உள்ள டானின் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். குடலிலிருந்து ரத்தத்துக்குள் போக விடாது. காபியும் இதைத்தான் செய்யும், பாலிலுள்ள கால்சியமும் குறுக்கே நிற்கும். மூன்று மாத மாத்திரையில் பெரும்பகுதி அப்படியே வெளியேறியிருக்கிறது. சென்னையில் டீயை விடச் சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை. மாத்திரைக்கும் டீக்கும் நடுவே இரண்டு மணி நேரம் விடுங்கள், எலுமிச்சைச் சாறோடு விழுங்குங்கள் என்று மட்டும் சொல்கிறேன். வைட்டமின் சி இரும்பை உள்ளே இழுத்துக்கொண்டு போகும்.

அவரிடம் இன்னொன்றும் கேட்டேன்: பச்சரிசி மெல்லுகிறீர்களா? வெட்கப்பட்டார். அரிசி களையும்போது ஒரு பிடி வாய்க்குப் போய்விடுமாம். சிலர் சாம்பல் தின்பார்கள், சிலர் ஐஸ் கட்டியைக் கடிப்பார்கள். இரும்புக் குறைவு கிளப்பிவிடும் ஆசை இது. இரும்பு ஏறினால் தானே போய்விடும். திட்டித் திருத்த வேண்டிய கெட்ட பழக்கமல்ல.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. ஆனாலும் வீட்டில் கிடைக்கும் முதல் வைத்தியம் பீட்ரூட்டும் மாதுளையும்தான். சிவப்பாக இருப்பதெல்லாம் ரத்தமாகிவிடும் என்ற இந்த நம்பிக்கையோடு நான் தினமும் மல்லுக்கட்டுகிறேன். இரண்டிலும் இரும்பு சொற்பமே. சுவரொட்டி, அதாவது ஆட்டு மண்ணீரல், வாங்கி வறுத்துக் கொடுத்த பாட்டிகள்தான் கெட்டிக்காரர்கள்: அதிலும் ஈரலிலும் உள்ள இரும்பு கீரையில் உள்ளதைவிட எளிதாக உடலில் சேரும். சைவம் என்றால் கீரை, கம்பு, பயறு. கூடவே ஒரு நெல்லிக்காயோ கொய்யாவோ.

எல்லாச் சோகைக்கும் இரும்பு மருந்தல்ல. மாம்பலத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவர் சுத்த சைவம். சர்க்கரைக்குப் பல ஆண்டுகளாக மெட்ஃபார்மின் சாப்பிடுபவர். "தரையில் கால் வைத்தால் பஞ்சில் நடப்பதுபோல் இருக்கிறது" என்றார். மகன் மருந்துக்கடையில் கேட்டு டானிக் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். இரும்பு குறைந்தால் சிவப்பணு சிறுத்துப் போகும். இவருடைய அணுக்களோ பெருத்திருந்தன. சோதித்தால் வைட்டமின் பி12 அடிமட்டத்தில். காய்கறியிலும் தானியத்திலும் பி12 கிடையாது. சைவர்களுக்குப் பாலும் தயிரும் மோரும்தான் வழி. மெட்ஃபார்மின் அதையும் உறிஞ்சவிடாமல் குறைக்கும். இத்தகையவருக்கு இன்னொரு பி வைட்டமினான ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுத்தால் ஹீமோகுளோபின் ஏறும், எல்லோரும் நிம்மதியாக இருப்போம். பி12 கிடைக்காத நரம்பு மட்டும் கெட்டுக்கொண்டே போகும். அவருக்கு ஊசி போட ஆரம்பித்திருக்கிறோம். கால் எவ்வளவு தேறும் என்று இப்போது சொல்ல முடியாது.

துணிக்கடைப் பெண் ஒரு மாதம் கழித்து வந்தார். 9.6. முகத்தில் தெளிவு. மாத்திரையை நிறுத்திவிடலாமா என்றார். 12ஐத் தொட்ட பிறகும் மூன்று மாதம் சாப்பிட வேண்டும், உடலின் இரும்புக் கையிருப்பு அதற்குப் பிறகுதான் நிரம்பும் என்றேன். மாதவிலக்கு எட்டு நாள் நீடிப்பதை "எல்லோருக்கும் உள்ளதுதானே" என்று முதல் முறை ஒதுக்கியவர், இந்த முறை ஸ்கேன் எடுத்து வந்திருந்தார். கர்ப்பப்பையில் நார்க்கட்டி. மகளிர் மருத்துவருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். தீபாவளி விற்பனை முடியட்டும், போகிறேன் என்கிறார்.