கண் இழப்பதை மூளை மறைத்துவிடும்

கண் நீர் அழுத்த நோய், அதாவது கிளாக்கோமா, இருக்கலாம் என்று சந்தேகிக்கும் ஒருவருக்கு ‘ஃபீல்டு டெஸ்ட்’ எனப்படும் பார்வைப் புலப் பரிசோதனை செய்து அறிக்கையைக் காட்டும்போது, எங்களுக்குப் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கிறது: “எனக்கு எல்லாம் நல்லாத்தான் தெரியுது டாக்டர், மெஷின்லதான் ஏதோ கோளாறு.” வெள்ளைக் கிண்ணம் போன்ற கருவிக்குள் முகத்தை வைத்து, நடுப்புள்ளியை விட்டுப் பார்வையை அகற்றாமல், சுற்றிலும் எங்கேனும் ஒளிப்பொட்டு மின்னினால் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான் பரிசோதனை. அறிக்கைத் தாளில் மேல்பாதி கறுத்திருக்கிறது என்றால், அங்கே மின்னிய ஒளிகளுக்கு அவர் பொத்தானை அழுத்தவில்லை என்று பொருள். ஆனாலும் அவர் பொய் சொல்லவில்லை, நோயை ஏற்க மறுத்து வாதாடவுமில்லை. அவருக்கு உண்மையாகவே எல்லாம் தெரிவதாகத்தான் இருக்கிறது. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த நம்பிக்கைதான், ஏனெனில் ஒருவரின் பார்வையைச் சிறிதுசிறிதாகப் பறிக்கும் நோய்களுக்கு அதைவிட வசதியான மறைவிடம் வேறில்லை.

நல்ல கண்ணிலும் இதே ஏமாற்றம் நடப்பதை நீங்களே பார்க்கலாம். கோடு போட்ட நோட்டுத் தாளில் இடப்பக்கம் ஒரு கூட்டல் குறியும், அதே வரியில் அதற்கு வலப்புறம் 8 செ.மீ. தள்ளி ஒரு கறுப்புப் பொட்டும் இடுங்கள். இடக்கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, வலக்கண்ணால் கூட்டல் குறியை மட்டும் பார்த்தபடி தாளை மெல்ல முகத்தருகே கொண்டுவாருங்கள். ஏறத்தாழ 30 செ.மீ. தூரத்தில் பொட்டு மறைந்துவிடும். பொட்டு இருந்த இடம் கறுப்பாகவோ ஓட்டையாகவோ தெரியாது என்பதைக் கவனியுங்கள். தாளின் வெண்மையும் அதன் கோடும் அந்த இடத்தின் வழியே இடைவெளியின்றிச் செல்வது போலவே தோன்றும்.

பார்வை நரம்பு கண்ணை விட்டு வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் செல்கள் எதுவும் இல்லை. 1660களில் எத்மே மரியோத் என்ற பிரெஞ்சு அறிஞர் கண்டறிந்த இந்தக் குருட்டுப் புள்ளி நம் எல்லோருக்கும் உண்டு. நேர்ப்பார்வையிலிருந்து சுமார் 15 பாகை வெளிப்புறமாக அமைந்திருக்கும் அது, படிக்கும் தூரத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை முழுதாக மறைக்கும் அளவுக்குப் பெரியது. இத்தனை பெரிய இடைவெளியுடன் பிறந்து, வளர்ந்து, வாழ்ந்தும் யாரும் அதை உணர்வதில்லை. ஒரு கண்ணின் இடைவெளியை மறு கண் ஈடுசெய்கிறது. ஒரு கண்ணை மூடினாலோ, சுற்றிலும் உள்ளதை வைத்து மூளையே அந்த இடத்தை நிரப்பிக்கொள்கிறது.

மூளை இப்படி ஊகித்து நிரப்புவது குறையாக அன்றி, பார்வை இயங்கும் வழியாகவே அமைந்திருக்கிறது. 2015 பிப்ரவரியில் இணையமெங்கும் பரவிய ஓர் உடையின் புகைப்படம் பலருக்கு நினைவிருக்கும். ஒரே படத்தைப் பார்த்துச் சிலர் நீலமும் கறுப்பும் என்றார்கள், சிலர் வெள்ளையும் பொன்னிறமும் என்றார்கள், ஒரே வீட்டுக்குள்ளேயே சண்டை வந்தது. உடையின் உண்மையான நிறம் நீலமும் கறுப்பும்தான். அதன்மேல் விழுந்தது எத்தகைய ஒளி என்பதைப் படம் தெளிவாகக் காட்டாததால், ஒவ்வொருவரின் மூளையும் தன் போக்கில் ஓர் ஒளியை ஊகித்து, அதற்கேற்ப நிறத்தைத் திருத்திக்கொண்டது. உடை நிழலில் இருப்பதாகக் கொண்டவர்களுக்கு அது வெள்ளையாகத் தெரிந்தது. இருதரப்பினரின் கண்ணிலும் எந்தக் கோளாறும் இல்லை. ஊகிக்கிறோம் என்ற உணர்வும் இருதரப்பினருக்கும் இல்லை.

கிளாக்கோமா இந்த இயல்பைத்தான் தனக்குச் சாதகமாக்கிக்கொள்கிறது. மூளைக்குச் செய்தி கொண்டுசெல்லும் பார்வை நரம்பில் ஏறத்தாழ 12 லட்சம் இழைகள் இருக்கின்றன. இந்த நோயில் அவை ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்லச் சாகின்றன. பரவலாகக் காணப்படும் வகையில் வலி இருக்காது, கண் சிவக்காது, நடுப்பார்வை கடைசிவரை தப்பியிருப்பதால் எழுத்துப் பலகையின் கடைசி வரியைக்கூட வாசிக்க முடியும். விழிப்புணர்வுச் சுவரொட்டிகளில் இந்நோயைச் சுற்றிலும் கறுத்து நடுவில் மட்டும் வெளிச்சம் தெரியும் குகையாகக் காட்டுகிறார்கள். அந்தப் படம் எனக்கு வருத்தம் தருகிறது, ஏனெனில் அதைப் பார்க்கும் நோயாளி, தமக்கு அப்படித் தெரியவில்லை என்பதால் தமக்கு நோயில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார். லண்டனைச் சேர்ந்த டேவிட் கிராப் என்ற ஆய்வாளரின் குழு 2013இல் வெளியிட்ட ஆய்வில், 50 கிளாக்கோமா நோயாளிகளிடம் பல படங்களைக் காட்டி, உங்கள் பார்வை எதைப்போல் இருக்கிறது என்று கேட்டார்கள். கறுத்த குகைப் படத்தை ஒருவர்கூடத் தேர்ந்தெடுக்கவில்லை. பலர் சில இடங்கள் மங்கியோ, பொருள்கள் காணாமல் போயோ இருந்த படங்களைக் காட்டினார்கள். நாலில் ஒருவர் தம் பார்வையில் குறையே இல்லை என்றார்.

ஆகவே எங்களுக்குத் துப்புக் கொடுப்பது வேறு வகைப் பேச்சுகள். “அந்த பைக் எங்கேயிருந்து வந்ததுன்னே தெரியல டாக்டர், திடீர்னு முன்னாடி நின்னுச்சு” என்று சொல்பவரின் பக்கப் பார்வையைச் சோதிக்க வேண்டும். இறங்கும்போது கடைசிப் படி தப்புவது, ஒரே பக்கத் தோள் கதவு நிலையில் அடிக்கடி இடிபடுவது, தரையில் கிடக்கும் செருப்பு தடுக்குவது ஆகியவற்றை வயதின் தடுமாற்றம் என்று வீட்டார் ஒதுக்கிவிடுகிறார்கள். சென்னையிலும் சுற்றுவட்டாரக் கிராமங்களிலும் சங்கர நேத்ராலயா நடத்திய சென்னை கிளாக்கோமா ஆய்வில், பரவலான அந்த வகை நோய் உள்ளவர்கள் எனக் கண்டறியப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல், தமக்கு அந்நோய் இருப்பதை அதுவரை அறிந்திருக்கவில்லை.

செத்த நரம்பிழை மீண்டும் துளிர்ப்பதில்லை. சொட்டு மருந்தும் லேசரும் அறுவைச் சிகிச்சையும் எஞ்சியிருப்பதைத்தான் காக்கும். நாற்பது வயதைக் கடந்த அனைவரும், கண்ணாடியின் பவர் பார்ப்பதோடு நின்றுவிடாமல், கண் அழுத்தத்தையும் பார்வை நரம்பையும் சேர்த்துச் சோதிக்கும்படி கேட்க வேண்டும். 10 முதல் 21 மி.மீ. பாதரசம் வரை இயல்பான அழுத்தம் என்றாலும், அந்த அளவுக்குள் இருந்தபடியே நரம்பு கெடுபவர்களும் இருக்கிறார்கள்; அழுத்தத்தை மட்டும் அளந்து அனுப்பிவைத்தால் இவர்கள் தவறிவிடுவார்கள். பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இந்நோய் இருந்தால் நாற்பது வரை காத்திருக்கவும் வேண்டாம். கண் சிவந்தாலும் அரித்தாலும் மருந்துக்கடையில் தாமாகவே ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தை வாங்கி மாதக்கணக்கில் விட்டுக்கொள்ளும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. உடனே சுகம் தரும் அந்த மருந்தே கண் அழுத்தத்தை ஏற்றி, இளம் வயதிலேயே நரம்பை அழித்துவிடக்கூடும்.

விழித்திரையின் நடுப்பகுதி கெடும் நோயில் நிலைமை வேறு. அங்கே நேர்கோடு வளைந்து தெரியும். இதைச் சோதிக்கக் கட்டங்கள் அச்சிட்ட ஆம்ஸ்லர் அட்டை இருக்கிறது. அட்டை இல்லாத வீட்டில் குளியலறைச் சுவரின் டைல்ஸ் போதும். படிக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு கண்ணை மூடி, ஒரே கட்டத்தின் நடுவைப் பார்க்கும்போது சுற்றியுள்ள கோடுகள் நெளிந்தோ உடைந்தோ தெரிந்தால், அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். இரண்டு கண்ணையும் திறந்து பார்த்தால் நல்ல கண் குறையை மூடி மறைத்துவிடும்.

மூளை நிரப்புவதோடு நின்றுவிடாமல் மேலும் ஒரு படி போவதும் உண்டு. இரு கண்களிலும் பார்வை மிகவும் குறைந்த முதியவர்களில் சிலருக்கு, இல்லாத உருவங்கள் துல்லியமாகத் தெரியத் தொடங்கும். முற்றத்தில் பட்டுப்பாவாடை கட்டிய குழந்தைகள் நிற்கிறார்கள், எதிர்ச்சுவர் முழுக்கப் பூவேலை ஓடுகிறது என்பார்கள். எதிரே நிற்பவரின் முகமே தெரியாத கண்ணுக்கு அந்தப் பாவாடையின் சரிகை தெரியும். அந்த உருவங்கள் பேசுவதில்லை. ஜெனீவாவைச் சேர்ந்த சார்ல்ஸ் போனே என்ற இயற்கையியல் அறிஞர், கண்புரையால் பார்வை மங்கிய தம் பாட்டனார் ஆண்களையும் பெண்களையும் பறவைகளையும் வண்டிகளையும் இப்படிக் கண்டதை 1760இல் எழுதிவைத்தார். இந்நிலை இன்று அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. கண்ணிலிருந்து செய்தி வருவது நின்றுபோன மூளைப்பகுதி, தானாகவே காட்சிகளை உருவாக்கிக்கொள்கிறது.

இந்த முதியவர்கள் அனுபவிக்கும் தனிமை கொடுமையானது. சொன்னால் புத்தி பேதலித்துவிட்டது என்பார்களோ என்று அஞ்சி வாய் திறப்பதில்லை. சொல்லிவிட்டாலோ, காத்து கருப்பு என்று மந்திரிக்க அழைத்துப் போகிறார்கள். பார்வை குறைந்த பெரியவர்களிடம் நானே முந்திக்கொண்டு, “உங்களுக்கு இல்லாத உருவம் ஏதாவது தெரியுதாம்மா?” என்று கேட்டுவிடுவேன். சிலர் வாசலைத் திரும்பிப் பார்த்து, மகனோ மருமகளோ காதில் வாங்கவில்லை என்று உறுதிசெய்துகொண்ட பிறகே ஆமாம் என்கிறார்கள். பிறகு வீட்டாரையும் உள்ளே அழைத்து, இது மனநோயோ மறதி நோயோ அல்ல, கண் பார்வை குறைந்ததால் வருவது என்று அவர் முன்னிலையிலேயே விளக்குகிறோம். கண்புரைதான் காரணமென்றால் அறுவைச் சிகிச்சைக்குப் பின் உருவங்கள் மறைந்துவிடலாம். மற்றவர்கள் அவை தோன்றும்போது விளக்கைப் போடலாம், எழுந்து சில அடி நடக்கலாம், கண்களை இடமும் வலமும் மாறிமாறி அசைக்கலாம். பலருக்கு இதிலேயே காட்சி கலைந்துவிடும். உருவங்களோடு குரலும் கேட்டாலோ, அவை உண்மையென்றே அவர் நம்பினாலோ, நினைவு தடுமாறினாலோ மட்டும் நரம்பியல் மருத்துவரிடமோ மனநல மருத்துவரிடமோ காட்ட வேண்டும்.